சவரியம்மா டீச்சரின் களிமண் தோட்டம்

கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வரும் லோரி எங்கள் வீட்டு வாசலில் நிற்கிற வழக்கமில்லை. அன்று காலை நின்றது. ஓட்டுகிற செல்வம் இறங்காமலே தலையை நீட்டி, "வாத்தியாரே, டீச்சரம்மா போயிட்டாங்க லா. விடியக்காலையில, தூக்கத்துலயே" என்றான். எந்த டீச்சரம்மா என்று நான் கேட்கவில்லை. இந்த மலைக்கு எத்தனையோ டீச்சர்கள் வந்தார்கள், போனார்கள். பெயர் சொல்லாமல் டீச்சரம்மா என்றால் அது சவரியம்மா டீச்சர் ஒருவர்தான். நான் சட்டையை மாற்றிக்கொண்டு, அவன் திருப்பி நிறுத்திய அதே லோரியில் ஏறிவிட்டேன்.

அடக்கத்திற்கு வந்திருந்த உங்களில் பாதிப்பேர் அவரிடம் அகரம் படித்தவர்கள். ஆளாளுக்கு நல்ல வார்த்தை பேசினீர்கள். அதில் ஒருவர், "ஜப்பான்காரனையே களிமண்ணை வைத்து ஏமாற்றிய வீராங்கனை" என்று முழங்கினார். கைதட்டாத குறை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டீச்சருக்கு உயிர் இருந்திருந்தால் பெட்டியிலிருந்து எழுந்து போயிருப்பார். அந்தக் கதையை நீங்கள் எல்லாரும் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். பக்கத்தில் நின்று பார்த்தவர்களில் பெரியவன் என்று மிச்சமிருப்பது நான்தான். அதனால் எழுதுகிறேன்.

கம்போங் ராஜாவுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் தகரக் கூரை போட்ட ஒரே கட்டடம். நடுவில் மூங்கில் தட்டி. தட்டிக்கு இந்தப் பக்கம் பெரிய பிள்ளைகளோடு நான், அந்தப் பக்கம் சின்னஞ்சிறுசுகளோடு டீச்சர். என் பக்கத்தில் வாய்ப்பாடும் பிரம்பும். அவர் பக்கத்தில் எந்நேரமும் சந்தைக்கடை. பிரம்பில்லாமல் படிப்பு வரும் என்பதை நான் அப்போது நம்பியதில்லை. டீச்சர் எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்திலேயே பிறந்து, கீழே கன்னியர் மடத்தில் தங்கிப் படித்து, திரும்பவும் எங்கள் தோட்டத்துக்கே வேலைக்கு வந்தவர். லயத்துப் பிள்ளைகளின் கை எதில் துறுதுறுக்கும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரத் துரைமார் இரவோடு இரவாகக் கிளம்பிப் போனார்கள். அரிசி போயிற்று, துணி போயிற்று, சுண்ணக்கட்டியும் போயிற்று. உடைந்த சிலேட்டுக்கு மாற்று சிலேட்டு இல்லை. என் வகுப்பு வாயாலேயே நடந்தது. டீச்சரோ அடுப்புச் சாம்பலைக் கோணிச் சாக்கில் பரப்பி அதில் விரலால் எழுத வைத்தார். தேயிலை விதைகளைக் குவித்துக் கூட்டல் கழித்தல் போட வைத்தார். ஒரு கம்பின் இரு முனையிலும் பால் டின்னைக் கட்டித் தராசாக்கி, ஒரு பக்கம் மரவள்ளிக்கிழங்கு, மறுபக்கம் கூழாங்கல் என்று நிறுக்க வைத்தார். நிறுத்து முடிந்ததும் கிழங்கை அவித்துப் பிள்ளைகளுக்கே கொடுத்துவிடுவார். பல பிள்ளைகளுக்கு அன்றைக்கு அதுதான் சாப்பாடு.

"டீச்சர், இது பள்ளிக்கூடமா, சாப்பாட்டுக் கடையா?" என்று தட்டி மேலாக ஒருநாள் கேட்டேன்.

"உங்க புள்ளைங்க வாயால படிக்குது, எம்புள்ளைங்க கையால படிக்குது வாத்தியாரே. ரெண்டும் பசியோடதான் படிக்குது" என்றார்.

அவரிடம் சட்டம் ஒன்றே ஒன்றுதான். "பாத்தத செய். பாக்காதத செய்யாத." களிமண்ணில் எதைச் செய்தாலும் இதுதான் பேச்சு. ஒரு பையன் மாடு செய்து வாலே வைக்காமல் விட்டிருந்தான். நான் காதைத் திருகப் போனேன். டீச்சர் தடுத்தார். "நம்ம கங்காணி வீட்டு மாட்டுக்கு வாலு இல்லையே வாத்தியாரே. நாய் கடிச்சுருச்சு. புள்ள சரியாத்தான பாத்திருக்கான்?" அந்த மாட்டை நான் தினமும் கடந்துதான் பள்ளிக்கூடம் வந்தேன். வால் இல்லாததை அன்றுவரை கவனித்ததில்லை.

அப்புறம் சயாம் வந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று தோட்டம் தோட்டமாக வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். முதலில் கூலி, அரிசி என்று ஆசை காட்டினார்கள். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வராததால் யாரும் வாய் விட்டுக் கேட்காமலே எல்லாருக்கும் புரிந்துவிட்டது. பிறகு ஆசை காட்டுவதை விட்டுவிட்டு லோரியை லயத்து வாசலிலேயே நிறுத்தினார்கள். எத்தனை தலை வேண்டும் என்று கிராணிக்கு உத்தரவு வரும். அந்த மனிதர் கணக்கெழுதும் வேலைக்கு வந்தவர், ஆள் பிடிக்க வந்தவரல்லர். ஆனால் கொடுக்காவிட்டால் அவர் தலை போகும்.

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற வீரனும் இன்னும் சில ஆண்களும் லோரி வருவதற்கு முன்பே மேலே ஏறிவிட்டார்கள். தோட்டத்தின் உச்சியில், கடைசி மலைக்கும் காட்டுக்கும் நடுவில், பழைய நாற்றுக் கொட்டகை ஒன்று கைவிடப்பட்டுக் கிடந்தது. அதுதான் அவர்கள் இருப்பிடம். பெரியவர்கள் அந்தப் பக்கம் போனால் சந்தேகம் வரும். பிள்ளைகள் விறகு பொறுக்கப் போகலாம். ஆகவே சோறு கொண்டுபோவது பிள்ளைகள் வேலையாயிற்று. மேலே இருந்தவர்களில் டீச்சர் வகுப்பில் பிள்ளை இருந்தது வீரனுக்கு மட்டும்தான். அவருக்குக் கொண்டுபோனது அந்த மகள் பேச்சி. ஆறு வயது. தாயில்லாப் பிள்ளை, அத்தை வீட்டில் வளர்ந்தது. மடியில் கிழங்கைக் கட்டிக்கொண்டு தினமும் மேலே போய் அப்பாவைப் பார்த்துவிட்டு வரும்.

அந்த நாட்களில்தான் டீச்சர் பள்ளிக்கூடத்துப் பின்புறம் தோட்டத்தைக் களிமண்ணில் கட்ட ஆரம்பித்தார். மேடு பள்ளம் படிக்கிற பாடம். பிள்ளைகள் மலையைக் குவித்தார்கள். பாசியைக் கிள்ளித் தேயிலைச் செடிகளாக நட்டார்கள். லயம், பாக்டரி, கிராணி வீடு, முருகன் கோயில், சின்னதாக ஒரு சர்ச், எல்லாம் வந்தன. கட்டி முடிந்ததும் 'மழை' என்று ஒரு விளையாட்டு. டீச்சர் கைதட்டி "மழை!" என்றால் டின்களில் தண்ணீர் மொண்டு வந்து மேலேயிருந்து ஊற்ற வேண்டும். தண்ணீர் எங்கே ஓடுகிறது, எங்கே மண் சரிகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு திரும்பக் கட்ட வேண்டும். மண்சரிவில் லயம் புதைவதைக் கண்ட ஊர் இது. விளையாட்டு என்றாலும் வீண் விளையாட்டல்ல.

ஒருநாள் என் பிள்ளைகளுக்கு அவர்கள் உத்தரவுப்படி ஜப்பான் பாட்டு சொல்லிக்கொடுத்து அலுத்துப்போய்ப் பின்பக்கம் வந்தேன். களிமண் தோட்டத்தில் புதிதாக மனிதர்கள் முளைத்திருந்தார்கள். அவரவர் வீட்டு ஆட்களைச் செய்து, அவர்கள் இருக்கும் இடத்தில் வையுங்கள் என்று டீச்சர் சொல்லியிருந்தார். மலையில் கொழுந்தெடுக்கும் அம்மாக்கள், பாக்டரி வாசலில் ஒரு மாமா, கோயில் பக்கத்தில் பூசாரி. எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. அப்புறம் பார்வை மேலே போயிற்று. உச்சியில் குச்சிகளால் ஒரு கொட்டகை. அதற்குள் வரிசையாகப் பொம்மைகள்.

"இது யாரு?" என்றேன்.

"எங்கப்பா" என்றது பேச்சி. முகமெல்லாம் பெருமை. "இது சின்னையா மாமா. இவரு படுத்திருக்காரு, காச்சல்."

டீச்சரைப் பார்த்தேன். அவரும் அப்போதுதான் பார்த்திருக்கிறார், முகம் வெளுத்துவிட்டது. நான் குனிந்து கையை நீட்டினேன், அந்த உச்சியை அப்படியே பிடுங்கிவிட. அதற்குள் மோட்டார் சத்தம். முன்வாசலில் கிராணி யாருக்கோ கும்பிடு போடுகிற குரல்.

பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்த அதிகாரி அவன். கூடத் துப்பாக்கியோடு இரண்டு சிப்பாய்கள். பாட்டைக் கேட்கத்தான் வந்தான். நேரே பின்பக்கம் வந்து நின்றான். களிமண் தோட்டத்தைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. குந்தி உட்கார்ந்துவிட்டான். கையிலிருந்த பிரம்பால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி மலாய் மொழியில் கேட்டான். கிராணி தமிழில் பிள்ளைகளிடம் கேட்டார். பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். பாக்டரி. லயம். ஆறு. பிரம்பு மேலே மேலே ஏறியது. கொட்டகையைத் தொட்டது பிரம்பு.

"இது என்னான்னு கேக்குறாரு. யாரு இவங்கல்லாம்?" என்றார் கிராணி. கேட்ட பிறகுதான் அவருக்கே விளங்கியது. குரல் பாதியில் தேய்ந்துபோயிற்று.

பேச்சி வாயைத் திறந்தது.

டீச்சர் ஓங்கிக் கைதட்டினார். "மழை!"

பிள்ளைகளுக்கு அதிகாரியாவது சிப்பாயாவது. கூச்சலிட்டுக்கொண்டு டின்களைத் தூக்கி ஓடினார்கள். பேச்சியும் ஓடியது. ஆளுக்கொரு பக்கமாக ஊற்றினார்கள். உச்சி கரைந்து, கொட்டகை சரிந்து, பொம்மைகள் சேறாகி லயத்து வாசல்வரை வழிந்து வந்தன. அதிகாரியின் பூட்ஸில் சேறு. அவன் மெதுவாக எழுந்தான். டீச்சரின் எதிரில் வந்து நின்று கன்னத்தில் ஓர் அறை விட்டான். டீச்சர் தடுமாறி நிமிர்ந்து, அவர்கள் முறைப்படி குனிந்து வணங்கினார். பிள்ளைகள் டின்னும் கையுமாக உறைந்து நின்றார்கள்.

அவன் போட்ட உத்தரவைக் கிராணி மென்று விழுங்கிச் சொன்னார். "மறுபடியும் கட்டணுமாம். இருந்தது இருந்தபடியே. அடுத்த வாரம் இவருக்கும் மேல உள்ள பெரிய துவான் ஆளெடுக்க வர்றாரு. தோட்டம் எப்படி இருக்குன்னு இதுலதான் காட்டப் போறாராம். புள்ளைங்களையே சொல்லச் சொல்லுவாராம்."

அவர்கள் போன பிறகு நான் கத்தினேன் என்றே சொல்ல வேண்டும். "இதுல என்ன டீச்சர் யோசனை? அந்தக் கொட்டாய மட்டும் வைக்காதீங்கன்னு புள்ளைங்ககிட்ட சொல்லிருங்க. முடிஞ்சது."

"ஆறு வயசுப் புள்ளகிட்ட ஒண்ண சொல்லாதன்னு சொல்லிப் பாருங்க வாத்தியாரே. அதத்தான் மொதல்ல சொல்லும்." கன்னம் வீங்கியிருந்ததால் பேச்சு குழறியது. "அந்தாளு துப்பாக்கியோட நின்னு கேக்கும்போது, பொய் சொல்ற புள்ள நம்மள பாக்கும். அந்தப் பார்வையே போதும். நம்ம புள்ளைங்களுக்கு பாத்ததத்தான் சொல்லத் தெரியும். அதனால அதுங்க பாக்குறத மாத்தணும்."

மறுநாள் டீச்சர் காட்டுக் கீரை பறிப்பதாகக் கூடையோடு மேலே போனார். வீரனும் மற்றவர்களும் அன்றே கொட்டகையை விட்டுக் காட்டுக்குள் வெகுதூரம் போய்விட்டார்கள். எங்கே என்பது டீச்சருக்குத் தெரியும். எனக்கு, போய்விட்டார்கள் என்பது மட்டும் தெரியும். காய்ச்சல்காரரைத் தூக்கிக்கொண்டு போனார்களாம். பேச்சியின் அத்தைக்குக்கூடச் சொல்லவில்லை. அதற்கடுத்த நாள் பிள்ளைகளை வரிசையாக அழைத்துக்கொண்டு மலையேறினோம். தோட்டத்தைத் திரும்பக் கட்ட வேண்டுமென்றால் திரும்பப் பார்க்க வேண்டும் அல்லவா, அதுதான் காரணம் என்று சொல்லிக்கொண்டோம். வழியெல்லாம் பேச்சிதான் முன்னால் ஓடியது. மடியில் கிழங்கு.

கொட்டகை காலியாகக் கிடந்தது. அடுப்புக் கல்லைக்கூட விடாமல் எடுத்திருந்தார்கள். சாம்பல் இருந்த இடத்தில் சருகு.

"எல்லாரும் நல்லா பாத்துக்கங்க. இங்க என்ன இருக்கு?" என்றார் டீச்சர்.

"ஓட்டைத் தகரம்." "செத்த நாத்து." "குச்சி."

பேச்சி உள்ளே ஓடி, பின்பக்கம் ஓடி, திரும்பி வந்தது. "எங்கப்பா எங்க டீச்சர்?"

டீச்சர் மண்டியிட்டு அதன் உயரத்துக்கு வந்தார். "நீ பாத்தத சொல்லு பேச்சி. இங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்ல." அதற்குமேல் அந்தப் பிள்ளையால் பேச முடியவில்லை. "லோரியில புடிச்சிட்டுப் போயிட்டாங்களா டீச்சர்?"

ஆமாம் என்று டீச்சர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னால் அந்த அழுகை நிற்கும். அந்த ஒரு வார்த்தை அடுத்த வாரம் துப்பாக்கிக்கு முன்னால் வெளியே வரும். இறங்கும்போது பேச்சியை டீச்சரே தூக்கி வந்தார். கிழங்கு வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

களிமண் தோட்டம் மறுபடி எழுந்தது. உச்சியில் ஓட்டைத் தகரத்துக்கு ஓர் இலையை வைத்தார்கள், செத்த நாற்றுக்குக் காய்ந்த புல். ஆள் யாருமில்லை. எல்லாப் பிள்ளைகளும் அப்பா அம்மாவைச் செய்து வைத்தார்கள். பேச்சி மட்டும் அப்பாவைச் செய்துவிட்டு எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தது.

பெரிய அதிகாரி வந்த காலையில் பனி இன்னும் விலகவில்லை. பாக்டரி, லயம், ஆறு என்று கேள்வி ஏறிக்கொண்டே போய்க் கொட்டகையில் நின்றது. பழைய அதிகாரிக்கு நினைவிருந்தது. முன்பு இங்கே ஆட்கள் இருந்தார்களே என்று கேட்டான். "யாரும் இல்ல, நாங்க போய்ப் பாத்தோம்" என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொன்னார்கள். அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தான். பேச்சியின் கையிலிருந்த பொம்மையைக் காட்டி, இது யார் என்றான்.

"எங்கப்பா."

"எங்க இருக்காருன்னு கேக்குறாரு" என்றார் கிராணி.

"காணோம்" என்றது பேச்சி. "நீங்கதான் புடிச்சிட்டுப் போயிட்டீங்க." சொல்லிவிட்டு அழுத அழுகை இருக்கிறதே, அதை இன்றுவரை என்னால் எழுத முடியவில்லை. கிராணி முதல் வார்த்தையை மட்டும் மொழிபெயர்த்தார். மீதிக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. இருந்தும் இரண்டு சிப்பாய்களை மேலே அனுப்பிப் பார்த்தார்கள். அவர்களும் ஓட்டைத் தகரத்தைத்தான் பார்த்தார்கள். அன்று லோரி காலியாகப் போகவில்லை. லயத்திலிருந்த வேறு சிலரை ஏற்றிக்கொண்டுதான் போனது. அவர்களில் யாரும் திரும்பவில்லை. வீராங்கனை என்று பேசியவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

லோரி போன பிறகும் சிப்பாய்கள் தோட்டத்துப் பக்கம் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். அதனால் டீச்சர் உடனே சொல்லவில்லை. வாரங்கள் போயின. பேச்சி களிமண்ணைத் தொடுவதை நிறுத்தியது. அப்புறம் சாப்பிடுவதையும் குறைத்தது. டீச்சர் மெலிந்ததும் அந்த வாரங்களில்தான். தன் கிழங்கையும் அதற்கே ஊட்டப் பார்ப்பார். அது வாயை மூடிக்கொள்ளும். "சொல்லித் தொலைங்க டீச்சர்" என்று நானே ஒருமுறை சொன்னேன். "இன்னும் கொஞ்சம் பொறுங்க" என்றார். "அப்பன் உசிரோட இருக்கறது இந்தப் புள்ளைக்கு அதிகமா வேணுமா, நமக்கு நிம்மதி அதிகமா வேணுமா?"

ஒருவழியாக சிப்பாய்களின் வரத்து நின்றது. டீச்சர் பேச்சியைக் காட்டுக்குள் அழைத்துப் போனார். நானும் போனேன். மரத்துக்குப் பின்னாலிருந்து தாடியோடு வீரன் வந்தார். பேச்சி அவரைப் பார்த்தது. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும் என்று நாங்கள் நினைத்தோம். அது திரும்பி, டீச்சரை இரண்டு கையாலும் மாறி மாறி அடித்தது. வீரன் பதறி ஓடி வந்தார். டீச்சர் அவரைத் தடுத்துவிட்டு, கை ஓய்கிறவரை அடி வாங்கிக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகுதான் பிள்ளை அப்பாவிடம் போயிற்று.

சண்டை முடிந்தது. துரைமார் திரும்பி வந்தார்கள். நான் பிரம்பை எடுத்து வைத்துவிட்டு டீச்சரிடம் சாம்பல் பாடமும் தராசுப் பாடமும் கற்றுக்கொண்டேன். அவர் ஓய்வு பெறுகிறவரை அந்த மூங்கில் தட்டி எங்களுக்கு நடுவில் இருந்தது. டீச்சர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைசிக் காலத்தில் அவரைக் கோலா தெர்லாவில் தன் வீட்டில் வைத்துக் குளிப்பாட்டிச் சோறூட்டியது பேச்சிதான் என்பது உங்களுக்குத் தெரியும். லோரி ஓட்டுகிற செல்வத்தின் அம்மா. அடக்கத்தன்று ஒரு வார்த்தை பேசாமல் மூலையில் உட்கார்ந்திருந்தாளே, அவள்தான்.

போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். பேச்சி டீச்சருக்குக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தாள். டீச்சர் திடீரென்று அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, என்னை வைத்துக்கொண்டே கேட்டார்: "பேச்சி, எம்மேல இன்னும் கோவம் இருக்காடி?"

இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அவர் இதைக் கேட்டதில்லை. இல்லை என்று சொல்வாள் என்று நான் நினைத்தேன். சாகக் கிடக்கிறவரிடம் வேறென்ன சொல்ல முடியும்? பேச்சி கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"இருக்கு டீச்சர். அப்பா முடியெல்லாம் நரைச்சு, பேரப்புள்ளைய தூக்கி வச்சிருந்துட்டுத்தான் போனாரு. நீங்க சொல்லியிருந்தா நான் உளறியிருப்பேன். எல்லாம் தெரியுது. ஆனா அந்த அழுகைய நெனச்சா இப்பவும் கோவம் வருது. என்ன செய்ய?"

டீச்சர் அவள் கையை விடவில்லை. "இருக்கட்டும்மா" என்றார். "அது உனக்கு இருக்கத்தான் வேணும்." பிறகு கஞ்சிக்கு வாயைத் திறந்தார்.

என்னிடம் படித்து ஆளாகி, எதிரில் பார்த்தும் பேசாமல் போகிற பழைய மாணவர்கள் சிலர் உண்டு. நான் அடித்த அடியை மறக்காதவர்கள். உங்கள் நல்லதுக்குத்தானே அடித்தேன் என்று பல வருஷமாக உள்ளுக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன். அன்றோடு அந்த வாதத்தை விட்டுவிட்டேன். டீச்சரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அதைத்தான். நேற்று கம்போங் ராஜா கடைத்தெருவில் அப்படி ஒருவன் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இருக்கட்டும் என்று நான் ஒதுங்கி அவனுக்கு வழிவிட்டேன்.